மோந்து பாத்துக்கட்டும்

தத்துவம் நடத்துகிற எனக்கு எலிகளோடு பழக்கம் வந்தது ஒரு கமிட்டி வழியாக. விலங்குகளை வைத்துச் சோதனை செய்கிற நிறுவனத்தில் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும், அதில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்த நாற்காலி எனக்கு. பாதி நேரம் டீயும் பிஸ்கட்டும்தான்.

முதல் கூட்டத்தில் வந்த விண்ணப்பம்: '48 விஸ்டார் எலிகள், 28ஆம் நாள் சேக்ரிஃபைஸ்.' விஸ்டார், ஆய்வகத்து வெள்ளை எலி வகை. கொல்வதைத்தான் ஆய்வகத்தில் சேக்ரிஃபைஸ் என்பார்கள். பலி! மேற்கத்தியச் சிந்தனை, குற்றமாகாத கொலைக்கு எப்போதும் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா சொன்னதும் இந்தப் பலியைப் பற்றித்தான். வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், படிவத்தில் பார்த்தபோதுதான் உறைத்தது. "கொல்லப்படும்னே எழுதலாமே" என்றேன். "ஃபார்மட்ல அப்படித்தான் சார் இருக்கு" என்றார் செயலாளர். சரி, ஒவ்வொரு சோதனைக் குழுவுக்கும் எட்டு எலி எதற்கு, ஆறு போதாதா என்று கேட்டு வைத்தேன்.

அப்புறம் அனிமல் ஹவுஸ் பார்க்கப் போனோம். உமி பரப்பிய கூண்டுகள். அடையாளத்துக்கு மஞ்சள் சாயம், ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலடியில். பராமரிக்கிற அண்ணன் சட்டென்று தூக்கவில்லை, கையை உள்ளே நீட்டிக் காத்திருந்தார். "மோந்து பாத்துக்கட்டும் சார். தெரியாத கைன்னா மிரளும்."

பிரெஞ்சுத் தத்துவவாதி லெவினாஸ் எழுதிய பாபி என்ற நாய் நினைவுக்கு வந்தது. நாஜிகளின் போர்க்கைதி முகாமில் லெவினாஸையும் கூட இருந்த யூதக் கைதிகளையும் வேலை முடிந்து திரும்பும்போது மனிதர்களாக மதித்து வாலாட்டி வரவேற்றது அந்தத் தெருநாய் ஒன்றுதான். 1975இல் எழுதிய கட்டுரையில் அதை 'நாஜி ஜெர்மனியின் கடைசி காண்டியவாதி' என்கிறார், மனிதரை மனிதராக மதிக்கச் சொன்ன தத்துவவாதி காண்ட்டின் வழி நடப்பது என்ற பொருளில். கையோடு, காண்ட் கேட்கிறபடி கோட்பாடுகளைப் பொதுவிதியாக்கும் மூளை அதற்கு இல்லை என்றும் சேர்க்கிறார். பட்டத்தைக் கொடுத்துவிட்டுத் தலையில் குட்டுகிற மாதிரி. மற்றவரின் முகமே நம்மைப் பொறுப்பாளியாக்குகிறது என்று சொன்ன மனிதர், பின்னாளில் பாம்புக்கு முகம் உண்டா என்று கேட்டபோது தெரியாது என்றுவிட்டார். அந்தத் தெரியாது எனக்குப் பிடிக்கும். காண்டியவாதிப் பட்டத்தைவிட நேர்மையானது.

"நீங்களும் நீட்டுங்க சார்" என்றார் அண்ணன். நீட்டினேன். மீசை முடி விரலில் குறுகுறுத்தது.

மதியம் திருத்திய விண்ணப்பம் வந்தது. குழுவுக்கு ஆறு, மொத்தம் 36. சேக்ரிஃபைஸ் என்ற சொல் அப்படியே இருந்தது. அதே கையால் கையெழுத்துப் போட்டேன்.