தண்ணீர் மீட்டரின் காந்தத்தைக் கோணமாக எண்ணுதல்: கணக்கு ஒத்துவந்த கட்டம்

தண்ணீர் மீட்டருக்குள் சுழலும் காந்தத்தின் சுற்றுகளை எண்ண, அதன் உடலோடு ஒட்டிவைத்த காந்தமானியின் (காந்தப்புலத்தை அளக்கும் சென்சாரின்) எண்ணிக்கையும் மீட்டரின் எண்காட்டியும் இப்போது லிட்டருக்கு லிட்டர் ஒத்துப்போகின்றன. அதைவிட எனக்கு நிறைவளிப்பது வேறொன்று: எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் இரவு நேரத்தில் எண்ணிக்கை ஒரு சுற்றுகூடக் கூடுவதில்லை. ஓடும் தண்ணீரை எண்ணுவது எளிது. ஓடாத தண்ணீரை எண்ணாமல் இருப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. இங்கே பெரும்பாலும் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

துடிப்பு வெளியீடு உள்ள மீட்டராக இருந்தால் ஒரு ரீட் சுவிட்சோடு, அதாவது காந்தம் நெருங்கினால் மூடிக்கொள்ளும் சுவிட்சோடு, வேலை முடிந்துவிடும். என்னுடையதில் அது இல்லை. எண்காட்டியில் பாதி உலோகம் பூசிய தட்டும் இல்லாததால் தூண்டல் சென்சாருக்கும் வழியில்லை. வைஃபை வசதியுள்ள சிறு கட்டுப்படுத்தியான இஎஸ்பி32-இன் கேமராவால் எண்களைப் படம்பிடித்துப் படிக்கும் முறை நன்றாகவே இயங்குகிறது என்றாலும், அதற்கு விளக்கு வேண்டும், கண்ணாடி தூய்மையாக இருக்க வேண்டும், மேலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் நடப்பது எதுவும் தெரியாது. நீரில் சுழலும் சுழலியின் இயக்கத்தை நீர் புகாத எண்காட்டிக்குக் கடத்துவது ஓர் இணைப்புக் காந்தம். முத்திரையைத் தொடாமல், மீட்டரைத் திறக்காமல், வெளியிலிருந்தே அந்தக் காந்தத்தின் சுழற்சியை உணர முடியும் என்பதால் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியை மீட்டரோடு பொருத்த மட்டும் காந்தத்தைப் பயன்படுத்தக் கூடாது. அது இணைப்பையே பாதிக்கக்கூடும், மீட்டரில் கைவைத்ததாகவும் கொள்ளப்படும். நான் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருக்கிறேன்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். பரவலாகப் புழங்கும் நிரல்கள் காந்தமானியின் ஓர் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மதிப்பு ஒரு வரம்பைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டுகின்றன. மேல் வரம்பு, கீழ் வரம்பு என்று இரண்டாகப் பிரித்தால் சென்சாரின் இரைச்சல் அடங்கிவிடும்; ஆனால் சுழலியின் ஊசலாட்டம் அடங்காது. குழாயில் அழுத்தம் ஏறி இறங்கும்போது, குறிப்பாக பம்பு தொடங்கி நிற்கும் வேளைகளில், சுழலி சற்று முன்னும் பின்னும் அசைகிறது. காந்தம் அந்த வரம்புகளுக்கு அருகில் நின்றிருந்தால் ஒவ்வோர் அசைவும் ஒரு சுற்றாகப் பதிவாகும். எண்காட்டியில் முள் முன்னே சென்றதைப் போலவே பின்னே வந்துவிடுகிறது. நிரலோ முன்னே சென்றதை மட்டுமே அறியும். ஆகவே வீட்டில் ஒரு சொட்டும் செலவாகாத நேரத்தில் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. வரம்புகளின் இடைவெளியைக் கூட்டினால் அசைவுகள் குறையும், ஆனால் வேகமாகச் சுழலும்போது உண்மைச் சுற்றுகளும் விடுபடத் தொடங்கும். இந்த முறையில் எந்த அளவு வைத்தாலும் ஒரு பக்கம் ஓட்டை இருக்கவே செய்கிறது என்பதே என் முடிவு.

தீர்வு, இரண்டு அச்சுகளையும் சேர்த்துப் படிப்பது. ஓர் அச்சின் மதிப்பைக் கிடையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால், சுழலும் காந்தம் ஒரு நீள்வட்டத்தை வரைகிறது. அந்த நீள்வட்டத்தின் மையத்தைக் கழித்து, ஒவ்வோர் அச்சையும் அதனதன் அரைநீளத்தால் வகுத்தால் அது ஏறக்குறைய வட்டமாகிறது; அதன் பின் ஆர்க்டேன்ஜென்ட் மூலம் அந்தக் கணத்தின் கோணம் கிடைக்கிறது. முந்தைய கோணத்துக்கும் இப்போதைய கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டல் குறியோ கழித்தல் குறியோ எதுவானாலும், அப்படியே மொத்தத்தில் சேர்க்கிறேன். சுழலி முன்னே அசைந்தால் கூடும், பின்னே வந்தால் கழியும். சென்சாரின் இரைச்சலும் இதே முறையில் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது, ஏனென்றால் இரைச்சலால் கோணம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மறுபடி இருந்த இடத்துக்கே வருகிறது. பிழை சேர்ந்துகொண்டே போவதற்கு இடமில்லை. வரம்பு என்ற ஒன்றே தேவைப்படாத இந்த அமைப்பின் நேர்த்தியை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

மையத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பெரும்பகுதி நேரம் சென்றது. புவியின் காந்தப்புலமும் அருகிலுள்ள இரும்புக் குழாயும் நீள்வட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து தள்ளிவைக்கின்றன. புவிப்புலம் மட்டுமே இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 0.25 முதல் 0.65 காஸ் வரை இருக்கும். மீட்டரின் உடலைத் தாண்டி வரும் இணைப்புக் காந்தத்தின் புலமும் இந்த அளவோடு ஒப்பிடத்தக்கதாகவே இருப்பதால், மையத்தைச் சரியாகக் கழிக்காவிட்டால் நீள்வட்டம் பூஜ்யத்தைச் சுற்றாமலேயே போகலாம், அப்போது கோணம் முழுச் சுற்று வராது. மீட்டர் அறையின் இரும்பு மூடியைத் திறந்தாலே மையம் நகர்கிறது. எனவே நிலையான மதிப்பு ஒன்றை எழுதிவைப்பது போதாது. மையம் தானாகப் பின்தொடர வேண்டும். இதற்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் மெதுவான சராசரி இங்கே பொருந்தாது. தண்ணீர் ஓடாத பல மணி நேரம் காந்தம் ஒரே இடத்தில் நிற்கும்போது, சராசரி மெல்ல நகர்ந்து அந்தப் புள்ளியையே மையமாக ஆக்கிவிடும், பிறகு மிகச் சிறிய இரைச்சலும் கோணத்தைச் சுழற்றியடிக்கும். நான் செய்திருப்பது இது: ஒவ்வொரு முழுச் சுற்றிலும் இரு அச்சுகளின் மீச்சிறு, மீப்பெரு மதிப்புகளைக் குறித்துக்கொண்டு, சுற்று முடிந்த பிறகே மையத்தையும் அரைநீளத்தையும் சிறிதளவு திருத்துகிறேன். சுழலாதபோது எந்தத் திருத்தமும் இல்லை. இரவுக் கணக்கு நின்றது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

அடுத்தது வேகம். என் மீட்டரில் லிட்டருக்கு ஏறத்தாழ 30 காந்தச் சுற்றுகள் வருகின்றன. 15 மி.மீ. அளவில் பரவலாகக் கிடைக்கும், மணிக்கு 2.5 கன மீட்டர் நிலையான ஓட்டம் குறித்த மீட்டரில் உச்ச ஓட்டம் அதைப்போல் 1.25 மடங்கு, அதாவது மணிக்கு 3125 லிட்டர். நொடிக்கு ஏறத்தாழ 26 சுற்றுகள். நொடிக்கு 50 முறை மட்டும் படித்தால் இரண்டு வாசிப்புகளுக்கு இடையில் காந்தம் 187 பாகைக்கு மேல் நகர்ந்திருக்கும், நிரல் அதைக் குறுகிய வழியாகக் கொண்டு பின்னோக்கிய சுழற்சி என்று முடிவுசெய்யும். ஒற்றைக் குழாய் திறந்திருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரிந்து, பல குழாய்கள் ஒன்றாகத் திறக்கும்போது மட்டும் கணக்கு இறங்கினால் காரணம் இதுவே. 200 முறை படித்தால் உச்சத்திலும் 47 பாகைதான் நகர்வு. வைஃபை வேலைகள் வாசிப்பைத் தாமதப்படுத்தாதிருக்க, இஎஸ்பி32-இன் ஒரு கருவைக் காந்தமானிக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

காந்தமானி வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. எச்எம்சி5883எல் என்று பெயரிட்டு விற்கப்படும் ஜிஒய்-271 பலகைகளில் பெரும்பாலும் இருப்பது கியூஎம்சி5883எல் சில்லு. இரண்டும் ஒன்றல்ல, கட்டுப்படுத்தியோடு பேசும் ஐ2சி இணைப்பில் முன்னதன் முகவரி தசம எண்ணில் 30, பின்னதன் முகவரி 13, பதிவேடுகளும் வேறு. விற்பனையாளரின் படத்தை நம்பாமல், பலகை கைக்கு வந்ததும் முகவரியைத் தேடிப் பார்த்துவிட்டு அதற்குரிய நூலகத்தைச் சேர்ப்பது நல்லது. இந்த வேலைக்குக் கியூஎம்சியே எனக்கு உகந்தது, ஏனெனில் நொடிக்கு 200 வாசிப்புகளை அது தொடர்முறையிலேயே தருகிறது.

அளவுதிருத்தத்துக்கு வாளியை நான் பயன்படுத்தவில்லை. காந்தத்துக்கும் எண்காட்டிக்கும் இடையே இருப்பது பற்சக்கரங்கள் மட்டுமே, அவற்றின் விகிதம் மாறாது. ஆகவே நீண்ட காலம் ஓடவிட்டு மொத்தச் சுற்றுகளை எண்காட்டியின் லிட்டரால் வகுத்தால் விகிதம் மேலும் மேலும் துல்லியமாகிறது. மீட்டருக்கென்று அனுமதிக்கப்பட்ட பிழை, குளிர்நீரில் வழக்கமான ஓட்டங்களில் 2 விழுக்காடு, மிகக் குறைந்த ஓட்டங்களில் 5 விழுக்காடு. அது சுழலியில் தோன்றும் பிழை, வாளியோடு ஒப்பிட்டால் அதுவும் என் கணக்கில் கலந்துவிடும். சுழலியை அசைக்காத அளவு மெல்லிய கசிவை இந்த அமைப்பும் காணாது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இதே கோண முறையைப் பார்த்தபின் மின்மீட்டரின் மேல் கை அரிக்கிறது. ஹங்கேரியப் பொறியாளர் ஒட்டோ பிளாத்தி 1889-இல் காப்புரிமை பெற்ற தூண்டல் மீட்டரின் வழிவந்த தட்டு மீட்டர்களில், தட்டின் விளிம்பிலுள்ள கறுப்புக் குறியை டிசிஆர்டி5000 போன்ற அகச்சிவப்பு சென்சாரால் எண்ணலாம். ஆனால் ஒற்றைச் சென்சாரில் திசை தெரியாது, இரண்டு வைக்க வேண்டும். மின்னணு மீட்டர்களில் எல்இடியின் சிமிட்டலைப் பார்த்தால் போதும். கிலோவாட்-மணிக்கு 1000 சிமிட்டல் என்று அச்சிட்டிருந்தால், 3600-ஐ இரு சிமிட்டல்களுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுக்க வாட் கிடைக்கிறது. 3200 என்றிருந்தால் 1125-ஐ வகுக்க வேண்டும். போட்டோ டிரான்சிஸ்டர்களை வாங்கி வைத்துவிட்டேன்.

அதற்கு முன் தண்ணீர்ப் பக்கத்தில் இரண்டு வேலைகள் மிச்சமிருக்கின்றன. மின்சாரம் போனால் மொத்தம் அழியாதிருக்க அதை எங்காவது எழுதிவைக்க வேண்டும். இஎஸ்பி32-இன் ஃபிளாஷ் நினைவகம் ஒரே பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அழித்தெழுதத்தான் உறுதி தருகிறது, லிட்டருக்கொரு முறை எழுத அது ஏற்றதல்ல, எனவே அடிக்கடி எழுதினாலும் எளிதில் தேயாத நினைவகமான எஃப்ரேம் சில்லு ஒன்றைச் சேர்க்கப்போகிறேன். பெட்டி இன்னும் மூடப்படவில்லை. ஐ2சி கம்பியை நீட்டினால் வாசிப்பு தடுமாறுவதால் கட்டுப்படுத்தியும் மீட்டரின் அருகிலேயே இருந்தாக வேண்டும், அங்கே குளிர்ந்த குழாயில் ஈரம் கோக்கிறது. பலகையின் மேல் பாதுகாப்புப் பூச்சு அடித்து, கம்பி நுழையும் துளையைப் பெட்டியின் அடிப்பக்கம் வைத்துப் பார்க்க இருக்கிறேன்.