சாய்ந்தாடும் தஞ்சாவூர் பொம்மை: ஐந்தாம் வகுப்பில் காகிதத்தில் செய்து பார்த்தது

தஞ்சாவூர் பொம்மை என்று கடையில் கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். தலை, உடல், பாவாடை என்று தனித்தனித் துண்டுகளாகக் கம்பியில் நின்று ஆடும் நடனப் பெண் ஒன்று. எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்துகொள்ளும் ராஜா ராணி இன்னொன்று. வகுப்பறைக்கு இரண்டாவதுதான் தோது. கம்பி வளைக்கும் வேலை இல்லை. தவிர, முடிந்த பொம்மை சரியாக வந்திருக்கிறதா என்று பிள்ளை யாரிடமும் கேட்க வேண்டாம். விரலால் ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும்.

இது ஐந்தாம் வகுப்பு, 32 பிள்ளைகள், 40 நிமிட பிரியடு என்ற கணக்கில் செய்தது. நாலு பேருக்கு ஒரு குழு, எட்டுக் குழு. தரையில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வழவழப்பான பக்கம் மேலே வரும்படி விரித்துவிட்டால் சிந்திய பசையை ஈரத்துணியால் ஒரே துடைப்பில் எடுத்துவிடலாம். தை, மாசி, பங்குனி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். மழைக்காலத்தில் நாலு அடுக்குக் காகிதம் காய்வதற்குள் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.

அளவு

அடிப்பாகம் 8 செ.மீ. குறுக்களவுள்ள அரைக்கோளம். அதன்மேல் ஒரு கூம்பு, கூம்பின் மேல் தலை. மொத்த உயரம் 16 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அடிக்குள் களிமண். இந்த அளவுக்கு ஒரு பிள்ளைக்கு நாளிதழின் ஒரு பக்கம் போதும். நாளிதழ்க் காகிதத்தில் ஒரு முழுப் பக்கம் கிட்டத்தட்ட 8 கிராம்தான் இருக்கும். பழைய பேப்பர் கட்டு கட்டாகச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை.

வார இதழ்களின் பளபளப்பான தாள் கூடாது. அதன்மேல் பூச்சு இருப்பதால் பசை உள்ளே இறங்காது. காய்ந்ததும் அடுக்கு அடுக்காக உரிந்து வரும். நோட்டுத் தாளும் வேண்டாம், வளைவில் மடங்காமல் முரண்டு பிடிக்கும். நாளிதழைக் கிழிக்கவேண்டும், வெட்டக்கூடாது. கிழித்த ஓரத்தில் நார் மெலிந்து நிற்கும், அடுத்த துண்டோடு கலந்துவிடும். கத்தரித்த ஓரம் படிக்கட்டு மாதிரி நிற்கும், வர்ணம் அடித்தபிறகும் தெரியும். ஒரு திசையில் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். எது நேர் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பட்டை 2 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளம். இதைவிட அகலமானால் உருண்டை மேல் சுருக்கம் விழும்.

பசை

100 கிராம் மைதாவுக்கு 1 லிட்டர் தண்ணீர். மைதாவை ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றிக் கிளறவேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கலாம். கொதிநீரில் நேராக மாவைக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாகக் கட்டி நிற்கும்; அந்தக் கட்டி காகிதத்துக்கு அடியில் பரு போலத் தூக்கிக்கொள்ளும். 32 பேருக்கு ஒரு பிரியடுக்கு இந்த ஒரு லிட்டர் சரியாக இருக்கும். வீட்டிலேயே காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுபோவது நல்லது, வகுப்பில் அடுப்பு வேண்டாம்.

ஒரு டீஸ்பூன் படிகாரப் பொடி சேர்த்தால் இரண்டு நாள் தாங்கும். உப்புப் போடச் சொல்பவர்கள் உண்டு. கடலோர ஊர்களில் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பொம்மை பிசுபிசுவென்றே இருக்கும். சுவரொட்டிப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. அது விஷம், பிள்ளைகள் கை வாய்க்குப் போகும்.

அடிக்கிண்ணம்

அச்சுக்கு 8 செ.மீ. பிளாஸ்டிக் பந்து. ரப்பர் பந்து வேண்டாம். ஈரக்காகிதம் காயும்போது சுருங்கி அச்சை இறுக்கிப் பிடிக்கும். உள்ளே காலியான பிளாஸ்டிக் பந்தைத்தான் கட்டைவிரலால் அமுக்கி விடுவிக்க முடியும். பலூன் ராத்திரியில் காற்று இறங்கிக் கோணிவிடும். கொட்டாங்குச்சியைப் பார்த்ததும் எல்லோருக்கும் அதையே அடியாக வைக்கத் தோன்றும். ஆனால் தேங்காயின் அடிப்பாதி கூராக முடியும், வட்டமும் சரியாக இருக்காது. அதில் செய்த பொம்மை ஏதோ ஒரு பக்கம்தான் ஆடும்.

பந்தை ஒரு டம்ளர் வாயில் உட்காரவைத்து, நடுவில் ரப்பர் பேண்டு போட்டால் பாதி எது என்று கோடு கிடைத்துவிடும். மேல் பாதியில்தான் வேலை. முதல் அடுக்குக்குப் பசையே கிடையாது, வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்டுவது. பந்திலிருந்து கழன்று வருவதற்கு அதுவே போதும். எண்ணெய் தடவினால் காகிதத்தில் கறை ஏறி அந்த இடத்தில் பின்னால் எதுவும் ஒட்டாது. அடுத்த அடுக்கிலிருந்து பசை. பட்டையைப் பசையில் முக்கி, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து வழித்துவிட்டு ஒட்டவேண்டும். வழிக்காமல் சொட்டச் சொட்ட ஒட்டுவதுதான் இந்த வயதில் வழக்கமாக நடப்பது. அப்படி ஒட்டியது காய இரட்டிப்பு நேரம் ஆகும், காய்ந்தபின் கோணும்.

எத்தனை அடுக்கு ஆயிற்று என்பது பிள்ளைகளுக்கு மறந்துபோகும். ஓர் இடத்தில் ஆறு அடுக்கும் இன்னோர் இடத்தில் ஒன்றும் இருக்கும். இதற்குச் சுலபமான வழி, ஓர் அடுக்கு தமிழ் நாளிதழ், அடுத்தது இங்கிலீஷ் நாளிதழ். தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கண்ணில் படாதபோது அந்த அடுக்கு முடிந்தது. எண்ணவும் வேண்டாம், வந்து கேட்கவும் வேண்டாம்.

தண்ணீர் அடுக்கும் பசை அடுக்கு ஒன்றும் முதல் பிரியடில், இன்னும் இரண்டு அடுத்ததில். ஒரே நாளில் நாலும் ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். மாசி வெயிலில் இரண்டு அடுக்கு ஒரு பகலில் காய்ந்துவிடுகிறது. பாதி காய்ந்த நிலையில் ரப்பர் பேண்டுக் கோட்டின்மேல் கத்தரித்தால் விளிம்பு சுத்தமாக வரும். முழுக்கக் காய்ந்தபின் கத்தரிக்கோல் சின்னக் கைக்கு இறங்காது. கிண்ணத்துக்கு உள்பக்கம் பென்சிலில் பெயர் எழுதச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் சண்டை.

எடை

இந்த வேலையின் உயிர் இங்கேதான். பொம்மை நிமிரவேண்டுமானால் மொத்த எடையின் மையம், அந்த அரைக்கோளம் எந்தப் பந்தின் பாதியோ அந்தப் பந்தின் நடுப்புள்ளிக்குக் கீழே இருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு ஈர்ப்பு மையம் என்று சொல்லத் தொடங்கினால் கண் ஜன்னலுக்குப் போய்விடும். காலிக் கிண்ணத்தின் அடியில் களிமண் உருண்டையை ஒட்டிவைத்துத் தட்டிப் பார், இப்போது உள்சுவரில் மேலே ஒட்டிவைத்துத் தட்டிப் பார் என்றால் அவர்களுக்கே பிடிபடுகிறது.

எவ்வளவு களிமண் என்பதைத் தலைதான் முடிவுசெய்யும். தலைக்கு எடுக்கும் மேஜைப்பந்து 40 மி.மீ., எடை 2.7 கிராம். அதன்மேல் இரண்டு அடுக்குக் காகிதம் ஒட்டினாலும் 6 கிராமைத் தாண்டாது. இந்தத் தலைக்கு 75 கிராம் ஈரக் களிமண் போதும், பொம்மை சுறுசுறுப்பாக நிமிரும். அதே அளவில் காகிதக்கூழை உருட்டித் தலை செய்தால், காய்ந்தபிறகும் வர்ணத்தோடு 15 கிராம் அளவுக்கு வரும். அது அடிக்கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே கிட்டத்தட்ட 10 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 75 கிராம் களிமண் இதற்குத் தாக்குப்பிடிக்காது, பொம்மை சாய்ந்தது சாய்ந்ததுதான். 100 கிராம் வைத்தால் நிமிரும், ஆனால் சோம்பலாக. தலையில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் அடியில் நாலு கிராம் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. மேஜைப்பந்து கிடைக்காத ஊரில் அரைப் பக்க நாளிதழை இறுகக் கசக்கி உருட்டி மாஸ்கிங் டேப் சுற்றினால் 5 கிராமில் தலை வந்துவிடும்.

கூழ் வேண்டாம் என்று சொன்னாலும் கூழ்மேல் மரியாதை குறையவில்லை. ஊறவைத்த காகிதத்தோடு வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, பானையைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் கூடை செய்ததும், முறத்தை மெழுகியதும் நம் வீடுகளில் நடந்ததுதான். வெந்தயத்தின் வழவழப்பே பசை. கிண்ணம், தட்டு செய்ய அதுவே சிறந்தது. தலைக்குத்தான் பாரம்.

களிமண் ஏரி வண்டலோ குயவரிடம் வாங்கியதோ, எதுவானாலும் கல் நீக்கிப் பிசைந்தது. கிண்ணத்தின் அடியில் நடுவாக அழுத்தினால் 75 கிராம் 2 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். அழுத்திய கையோடு கிண்ணத்தைத் திரும்பவும் டம்ளர் வாயில் வைக்கவேண்டும். தரையில் வைத்தால் ஈரக் களிமண்ணின் பாரத்தில் காகிதம் ஊறி அடி தட்டையாகிவிடும். தட்டையான அடி ஒரு ரூபாய் நாணயம் அளவு இருந்தாலும் பொம்மை ஆடாது, நின்றுவிடும். களிமண் முழுக்கக் காயும்வரை மூடக்கூடாது. மூடினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் காகிதத்தைத் தின்னும். காய்ந்த களிமண் சுருங்கிக் கழன்று கடகடவென்று ஆடும், அது இயல்பு. கட்டியை வெளியே எடுத்து, அடியில் பெவிகால் தடவித் திரும்ப உட்காரவைத்து, மேலே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பட்டை ஒட்டவேண்டும்.

களிமண்ணுக்குப் பதில் 60 கிராம் ஆற்று மணலும் இரண்டு டேபிள்ஸ்பூன் பெவிகாலும் கலந்தும் வைக்கலாம். சுருங்காது, கழலாது. பெவிகால் செலவு மட்டும்தான் குறை.

கூம்பும் இணைப்பும்

கல்யாணப் பத்திரிகை அட்டை கூம்புக்கு நன்றாக வருகிறது. 11 செ.மீ. ஆரத்தில் 130 டிகிரி விசிறி, ஒட்டுவதற்கு ஒரு பக்கம் 1 செ.மீ. கூடுதல். சுருட்டினால் அடி வட்டம் சரியாக 8 செ.மீ. ஆசிரியர் அட்டையில் ஓர் அச்சு வெட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் வரைந்து வெட்டிக்கொள்வார்கள். கூம்பின் நுனியில் 2.5 செ.மீ. வெட்டி எடுத்துவிட வேண்டும். 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த ஓட்டை கிடைக்கும், தலை அதில்தான் உட்காரப்போகிறது.

கிண்ணம் காயும்போது கொஞ்சம் சுருங்கியிருக்கும், கூம்பு சுருங்கியிருக்காது. ஆகவே விளிம்பும் விளிம்பும் பொருந்தாது. கூம்பின் அடியில் அரை செ.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் வெட்டுக் கொடுத்து, அந்தப் பற்களைக் கிண்ணத்துக்குள் நுழைத்து டேப் போட்டால் தீர்ந்தது. அதன்மேல் குறுக்குப் பட்டை இரண்டு அடுக்கு, கூம்பு முழுவதும் இரண்டு அடுக்கு.

தலையை இப்போது ஒட்ட வேண்டாம். மேலே உள்ள ஓட்டை வழியாகத்தான் உள் ஈரம் வெளியேறும். இன்னொரு உபயோகமும் உண்டு. தலையை ஓட்டையில் சும்மா வைத்துத் தட்டிப் பார்த்தால், பாதிப் பொம்மைகள் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். களிமண் நடுவில் இல்லை என்று அர்த்தம். பொம்மையை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்து, காகிதப் புனல் வைத்து, பெவிகாலில் குழைத்த மணல் ஒரு டீஸ்பூன் உள்ளே விட்டு, அந்தச் சாய்விலேயே இரண்டு செங்கலுக்கு நடுவில் மறுநாள்வரை வைக்கவேண்டும். நிமிர்ந்து நிற்கும். சரியாக நின்றபிறகு தலையை ஒட்டி, கழுத்தைச் சுற்றி மெல்லிய பட்டை, 1 செ.மீ. அகலத்தில்.

வெள்ளையும் வர்ணமும்

நாளிதழ் எழுத்தின்மேல் நேராக வர்ணம் அடித்தால் மை கசிந்து மஞ்சள் அழுக்காகும். வகுப்பில் சேரும் துண்டு சாக்பீஸ்களைத் தண்ணீரில் ஊறவைத்து நசுக்கவேண்டும். உலர்வாக இடித்தால் தூசி மூக்கில் ஏறும். ஊறிய சாக்பீஸ் இரண்டு பங்கு, பெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இரண்டு பூச்சு, முதலாவது காய்ந்தபின் இரண்டாவது. சுண்ணாம்பு வேண்டாம், கையும் கண்ணும் எரியும். பெவிகாலைக் குறைத்தால் பூச்சு பொடியாக உதிரும். தடிமனாக அப்பினால் வெடிக்கும், தலையும் கனக்கும்.

போஸ்டர் கலரில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு பெவிகால் கலந்தே அடிக்கவேண்டும். பிறகு மேலே பெவிகால் தடவிப் பளபளப்பாக்கலாம் என்று விட்டால், அந்த ஈரத்தில் வர்ணம் கரைந்து சிவப்பும் பச்சையும் ஒன்றாக இழுக்கும். மேல்பாகத்தை முதலில் முடித்து, காய்ந்ததும் தலைகீழாக, காகிதம் திணித்த டம்ளரில் செருகி அடியை அடிக்கலாம். கண்ணுக்குத் தூரிகை கொடுக்காதீர்கள். காது குடையும் பட்ஸில் வெள்ளைப் புள்ளி, அது காய்ந்ததும் தீக்குச்சி முனையில் கறுப்புப் புள்ளி. மீசை, புருவம் நுனி மெலிந்த ஸ்கெட்ச் பேனாவில். ஜெல் பேனா வெள்ளைப் பூச்சில் அடைத்துக்கொள்ளும்.

கிரீடத்துக்கு மணி, சமிக்கி ஒட்டப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அதற்கு முன்பே தலையில் ஒரு மணியை டேப்பால் ஒட்டித் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை மணி தாங்கும் என்பதை அவரவர் பொம்மை சொல்லிவிடும். ராணிக்கு எட்டு மணி ஒட்டித் தூங்கவைத்தவர்கள் பாதியைக் கழற்றி எடுத்து அடியில் பாவாடைக் கரையாக ஒட்டிக்கொள்கிறார்கள், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

காயவைக்கும் நாட்களில் ராத்திரி வெளியே விடக்கூடாது. மைதா வாசனைக்கு எலியும் கரப்பானும் வரும். வர்ணம் அடிக்கும்வரை கூடையில் போட்டு உத்தரத்திலிருந்து தொங்கவிடுவதும், இல்லையென்றால் பூட்டிய இரும்பு பீரோவில் வைப்பதும்தான் வழி. மீந்த பசையைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். செடிக்குழியில் கொட்டி மண் மூடிவிடலாம்.