வீட்டு முகவரி எல்லாருக்கும் தெரிந்த போராளி

பிப்ரவரி 14 வந்தால் எனக்கு மான் ஷா ஞாபகம்தான் வரும். 2008-ல் அதே நாளில், பர்மாவை ஒட்டிய தாய்லாந்தின் எல்லையோர ஊரான மே சோட்டில், தன் வீட்டு வராந்தாவில் இருந்தவரைப் பிக்கப் வண்டியில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள்.

பர்மாவின் சிறுபான்மை இனமான கரேன் மக்களுக்காக 1949-லிருந்து பர்மிய அரசுடன் போரிட்டு வந்த கரேன் தேசிய ஒன்றியத்தின் பொதுச் செயலாளர் அவர். ரங்கூன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டுக் காட்டுக்குப் போனவர். 1995-ல் இயக்கத்தின் மானர்ப்ளா தலைமையகம் பர்மிய ராணுவத்திடம் விழுந்தது, அப்புறம் எல்லையோர அகதி வாழ்க்கை. சொந்த நாடு எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.

எனக்கு உறுத்துவது இதுதான். தளபதி காட்டுக்குள் மறைந்துகொள்ளலாம், இடம் மாற்றிக்கொண்டே இருக்கலாம். இயக்கத்துக்காகப் பேசுகிறவரால் அது முடியாது. பத்திரிகைக்காரர் வருவார், தூதரக ஆள் வருவார், கிராமம் எரிந்து ஓடிவந்த ஒருத்தர் வருவார், எல்லாருக்கும் வீடு தெரிந்திருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் மரணமும் வந்தது. ராணுவ ஆட்சி புது அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு என்று அறிவித்து ஐந்தே நாள் ஆகியிருந்தது.

மகளுக்கு சோயா என்று பெயர் வைத்திருந்தார், நாஜிகள் தூக்கிலிட்ட சோவியத் கெரில்லாப் பெண்ணின் பெயர். அப்பா போன பிறகும் அந்த மகள் லண்டனில் இருந்துகொண்டு கரேன் மக்களுக்காகப் பேசினார்.