பேஸ்ட் பண்ணினால் நேரம் விழாது

"பேஸ்ட் பண்ணா அது சரியா வராது சார்" என்று, எக்செலில் பேஸ்ட் பண்ணினாலும் நேரம் தானாக விழ வைக்க முடியுமா என்று கேட்ட மேனேஜரிடம் நான் சொன்னது பொய்யில் சேருமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

எக்செலில் ஈவென்ட் மேக்ரோ, அதாவது ஷீட்டில் ஏதாவது நடந்ததும் தானாக ஓடுகிற குட்டி புரோகிராம், பழக அம்பத்தூர் எஸ்டேட் குடோனின் டிஸ்பேட்ச் ஷீட்டையே எடுத்துக்கொண்டேன். டம்மி ஃபைலில் பழகியிருக்கலாம்தான், ஆனால் அதில் யாரும் தப்பாக அடிக்க மாட்டார்கள், வரிசையை நடுவில் அழிக்க மாட்டார்கள், அப்புறம் என்னத்தைக் கற்றுக்கொள்வது? எண்ணிக்கையை அடித்ததும் பக்கத்துச் செல்லில் நேரம் தானாக விழ வேண்டும், அவ்வளவுதான். எக்செல் 97 காலத்திலிருந்து இருக்கிற சேஞ்ச் ஈவென்ட், செல் மாறினாலே கிளம்பும், பட்டன்கூட வேண்டாம். மேக்ரோ எழுதுவதும் ஒரு மாற்றம் என்பதால் ஈவென்ட் மறுபடி கிளம்பும். அதற்காக ஈவென்ட்டை ஓட விடுகிற சுவிட்சான எனேபிள்ஈவென்ட்ஸை முதலில் ஃபால்ஸ் ஆக்கி, முடிந்ததும் ட்ரூ ஆக்க வேண்டும். நடுவில் எரர் வந்து நின்றால் அது ஃபால்ஸாகவே கிடக்கும், கூடத் திறந்திருக்கிற மற்ற ஃபைல்களின் ஈவென்ட்டும் ஓடாது. அதற்கும் வழி செய்தேன். பல செல் ஒன்றாக மாறினால் மாறிய செல்களைக் குறிக்கிற டார்கெட்டின் மதிப்பைச் சோதிக்கிற வரியில் டைப் மிஸ்மேட்ச் என்று எரர் வரும். அதனால் ஒன்றுக்கு மேல் செல் இருந்தால் வெளியேறு என்று முதல் வரியிலேயே போட்டேன். பழகுகிறவர்கள் பலரும் போடுகிற வரிதான்.

ஸ்டோர்ஸ் அண்ணன் முதல் நாளே கேட்டார். "நான் எதையும் அமுக்கலையேப்பா, அதுவா ஏன் எழுதுது?"

"அதுதாண்ணா ஈவென்ட், நீங்க அடிச்சாலே போதும்" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

"சரி, கன்ட்ரோல் இசட் ஏன் வேலை செய்யல?"

மேக்ரோ ஷீட்டில் எழுதியதும் அண்டூ போய்விடும் என்று சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

லோடு காலையில் போகும், அவர் சலான்களைச் சேர்த்துவைத்துச் சாயங்காலம்தான் அடிப்பார். விழுவது அடித்த நேரம். மேனேஜர் அதை லோடு கிளம்பிய நேரமாகப் படித்தார். விளக்கினேன், தலையாட்டினார், மறுநாளும் அண்ணனிடம் "ஏன் இவ்வளவு லேட்?" என்றார்.

கொஞ்ச நாளில் நேரம் விழுவது நின்றது. அண்ணன் வேறு ஷீட்டில் அடித்து மொத்தமாக பேஸ்ட் பண்ண ஆரம்பித்திருந்தார். என் முதல் வரி அவரை அப்படியே விட்டுவிட்டது. தெரிந்து செய்தாரா, கன்ட்ரோல் இசட்டுக்காகச் செய்தாரா, நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் தெரிந்ததாகிவிடும்.

மேனேஜர் கேட்டபோதுதான் அந்தப் பதில். பேஸ்டுக்கும் ஈவென்ட் கிளம்பத்தான் செய்யும், ஃபார் ஈச் என்கிற லூப் போட்டு ஒவ்வொரு செல்லாகப் பார்த்தால் நேரமும் விழும். வீட்டில் வைத்திருக்கிற காப்பியில் எழுதியும் பார்த்துவிட்டேன், நன்றாகவே ஓடுகிறது. என் கோடில் வராது, அந்த அளவுக்கு நான் சொன்னது உண்மை. ஆனால் அவர் என் கோடைப் பற்றிக் கேட்கவில்லை, முடியுமா முடியாதா என்று கேட்டார். வயதில் பெரியவரைக் காப்பாற்றினேன் என்று சில நாள் தோன்றும். நேரத்தைத் தப்பாகப் படிக்கிறவரிடம் நின்று வாதாடத் தைரியமில்லாமல் ஓட்டையை அடைக்காமல் விட்டேன் என்றும் தோன்றும்.

போன மாதம் ஒரு புதுப் பையன் சேர்ந்திருக்கிறான். சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு செல்லாகத்தான் அடிக்கிறான், அவன் வரிசைகளில் மட்டும் நேரம் விழுகிறது, மேனேஜர் இப்போது அவனைக் கேட்கிறார். பேஸ்ட் பண்ணு என்று நான் அவனிடம் சொல்லவும் இல்லை.