ரேடியேட்டர் பின்னால் போனது, காற்று முன்னால் நின்றது

போன நவம்பரில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகிற பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்து ஓடையில் வண்டியை இறக்கினேன். தண்ணீர் பொனட் உயரத்துக்கு வந்துவிட்டது. எதிர்க்கரை ஏறும்போது முன்னால் 'கர்ரக்' என்று ஒரு சத்தம். மேலே ஏறிப் பொனட்டைத் திறந்தால், எஞ்சின் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டரின் உட்பக்கம் பிறை வடிவத்தில் கிழிந்து பச்சைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எஞ்சினோடு சுற்றும் காற்றாடி தண்ணீருக்குள் போனால் கப்பல் விசிறி போல ஆகிவிடும். இறக்கைகள் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். அந்த வேகத்தில் தாங்கள் முன்னுக்கு வளையும். முன்னால் இருப்பது ரேடியேட்டர். தண்ணீரில் இறங்குவதற்கு முன் முகப்பில் தார்ப்பாய் கட்ட வேண்டும் என்பது இதற்காகத்தான். அன்றைக்கு நான் கட்டவில்லை.

தார்ப்பாய் கட்டினாலும் சேற்றுக்கு அது பதில் இல்லை. எங்கள் பக்கத்துச் செம்மண் சேறு, செம்பனை நாரோடு சேர்ந்து ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். எஞ்சின் சூட்டில் காய்ந்தால் செங்கல்தான். பிரஷர் பம்பு வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிப்போகும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ரப்பர் குழாய்த் தண்ணீரில் பொறுமையாகக் கழுவ வேண்டும். ஒரு ஞாயிறு ஓட்டினால் இரண்டு மாலை கழுவுகிற வேலை. 1997-இல் நம் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற, காட்டுச் சேற்றில் வண்டி ஓட்டுகிற மழைக்காலப் போட்டிகளுக்கு வரும் வண்டிகளில் ரேடியேட்டர் பின்தட்டில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படியே செய்வது என்று முடிவெடுத்தேன்.

வண்டி பழைய ஹைலக்ஸ், 2.8 லிட்டர் டீசல் எஞ்சின். சாலையில் ஓட்டுவதில்லை, லோரியில் ஏற்றித்தான் தோட்டத்துக்குக் கொண்டுபோவேன், நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். ஈப்போவில் ஒரு பழைய சாமான் கடையில் சின்ன லோரியின் மூன்று வரிசைச் செம்பு ரேடியேட்டர் கிடைத்தது. அதை டிரைவர் கூண்டுக்குப் பின்னால், மேல்பக்கம் சற்றே பின்னோக்கிச் சாய்த்து நிறுத்தினேன். அடியில் ஒரு தகடு: இல்லாவிட்டால் பின் டயர் வாரியடிக்கிற சேறு நேரே அதில்தான் அப்பும். கூண்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இன்னொரு தகடு, 2 மில்லிமீட்டர் இரும்பு. இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்காதீர்கள். வண்டி கவிழ்ந்து ஹோஸ் பிடுங்கிக்கொண்டால், கொதிக்கிற தண்ணீர் உட்கார்ந்திருப்பவர் முதுகில்தான் விழும். குழாய்களையும் கூண்டுக்குள் விடாமல், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் ஓரமாக வெளியிலேயே கொண்டுபோனேன்.

குழாய் வேலைக்கு எங்கள் வரிசை வீடுகளில் இருக்கும் மாமா வந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பக்கம் பல வருஷம் பைப் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 38 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய், போக ஒன்று, வர ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர். முனை வழவழவென்று இருந்தால் சூட்டில் ஹோஸ் கழன்றுவிடும். மாமா முனையைச் சுற்றி மெல்லிய வெல்டிங் வளையம் ஒன்று ஓட்டி, அரத்தால் ராவி, விரல் நுனியால் தடவிப் பார்த்து, மறுபடி ராவினார். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி உட்கார்ந்த பிறகுதான் கிளிப். மேடு பள்ளத்தில் சேசிஸ் முறுகும் என்பதால் குழாயை எங்கேயும் நேராக வெல்டு செய்யவில்லை. ரப்பர் வைத்த பிடிகளில்தான் நிற்கிறது. எஞ்சினின் தண்ணீர்ப் பம்புக்குத் திரும்புகிற பக்கத்து ஹோஸுக்குள் சுருள் கம்பி இருக்க வேண்டும். பம்பு உறிஞ்சும்போது வெறும் ஹோஸ் சப்பிக்கொள்ளும்.

"இவ்வளவு தூரம், இவ்வளவு உயரம், பம்பு தள்ளுமா?" என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. சுற்று மூடியது, ஒரு குழாயில் ஏறுகிற தண்ணீரின் எடையை இன்னொரு குழாயில் இறங்குகிற தண்ணீர் ஈடுகட்டிவிடும். குழாயின் உராய்வு மட்டும்தான் கூடுதல் பாரம். அதனால்தான் குறுகலான வளைவுகளைத் தவிர்த்தேன்.

கவனிக்க வேண்டியது அளவு. இரண்டு குழாய்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 5 லிட்டர் கூடுதலாகப் பிடிக்கின்றன. மொத்தம் 15 லிட்டர் என்று வையுங்கள்: 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட அரை லிட்டர் பருக்கும். பழைய ரிசர்வ் புட்டி போதாது. பெரியதாக ஒரு தொட்டி செய்து, வண்டியிலேயே மிக உயரமான இடத்தில் வைத்து, மூடியை அதில் போட்டேன்.

சரி, எல்லாம் முடிந்தது என்று வெறும் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். இருபது நிமிடம் ஆகியும் மீட்டர் முள் பாதிக்குக் கீழேயே நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா மட்டும் எஞ்சினுக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, மீட்டரைப் பார்க்காதே. அந்தக் குழாயைத் தொடு."

தொட்டேன். ரேடியேட்டருக்குப் போகிற குழாய் சில்லென்று இருந்தது. எஞ்சின் தலையோ பக்கத்தில் நிற்க முடியாத சூடு. உடனே நிறுத்தினேன். வெப்பத்தை உணர்கிற சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லை, காற்று நின்றிருக்கிறது. அதனால் மீட்டர் பொய் சொல்லியிருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் ஓடவிட்டிருந்தால் எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் போயிருக்கும்.

காரணம் உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. ரேடியேட்டர் முன்னால் இருந்தபோது, மேல் ஹோஸ் எஞ்சினிலிருந்து லேசாக ஏறித்தான் போகும். காற்று தானாக மேலே போய் மூடிப் பக்கம் சேர்ந்துவிடும். இப்போது குழாய், சூடானால் மட்டும் தண்ணீருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட்டிலிருந்து கீழே சேசிஸுக்கு இறங்கி, பின்னால் போய், மறுபடி ஏறுகிறது. தெர்மோஸ்டாட் ஒரு மேடாகிவிட்டது. அங்கே சிக்கிய காற்றுக்குப் போக வழியே இல்லை.

"ஆலையில பழம் வேக வைக்கிற கொப்பரையிலயும் இதே கதைதான்" என்றார் மாமா. "முதல்ல உள்ளே இருக்கிற காத்தை வெளியே விடணும். காத்து நின்னா ஆவி போய்ப் பழத்தைத் தொடாது. நாங்க ஆவியை ஏத்தி, வெளியே விட்டு, திரும்ப ஏத்துவோம். உன் வண்டியில காத்து வெளியே போறதுக்குத் தனியா ஒரு வழி வேணும்."

தெர்மோஸ்டாட் மூடியின் உச்சியில் துளை போட்டு, மறை வெட்டி, ஒரு சின்ன நிப்பிள் பூட்டினார். அங்கிருந்து 8 மில்லிமீட்டர் குழாய் ஒன்று, எங்கேயும் தொங்காமல் ஏறிக்கொண்டே போய்த் தொட்டியின் உச்சியில் சேர்கிறது. முதல் நிரப்பலுக்கு மட்டும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் போட்டோம். ரேடியேட்டர் முன்னால் உள்ள வண்டியில் மூக்கைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவோம், இதில் தலைகீழ். லயத்துச் சரிவில் மூக்கு கீழே, பின்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தினேன். மகள் டார்ச் பிடிக்க, அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பயறு அளவுக் குமிழிகள் வரிசையாக ஓடின. அப்புறம் ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்ததும் தொட்டிக்குள் 'புளக்' என்று ஒரு பெரிய ஏப்பம். தண்ணீர் மட்டம் இரண்டு விரல் இறங்கியது. பின்னால் போய்க் குழாயைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. அந்தச் சூட்டுக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

காற்றாடிகள் பற்றிச் சுருக்கமாக. கூண்டு மறைப்பதால் ஓட்டக் காற்றை நம்ப முடியாது, முழு வேலையும் இரண்டு 14 அங்குல மின்காற்றாடிகள்தான் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து 27 ஆம்பியர் இழுத்தன. முதலில் போட்ட 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில், பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தும் காற்றாடிக்கு 12.3 தான் போய்ச் சேர்ந்தது. 6 சதுர மில்லிமீட்டராக மாற்றி, எர்த்தையும் தனி வயராக பேட்டரிக்கே கொண்டுவந்ததும் 13.2 கிடைத்தது. காற்றாடியின் சத்தமே மாறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, தனி பியூஸ். ஒன்று போனாலும் மற்றது ஓடும்.

போன ஞாயிறு அதே ஓடையில் மூன்று தடவை இறங்கி ஏறினேன். கரையில் நிறுத்தி வெப்பமானியால் பார்த்தபோது ரேடியேட்டருக்குள் போகிற குழாய் 86, திரும்பி வருகிற குழாய் 75. இப்போது வெறும் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலண்ட் ஊற்றியாயிற்று. பிளாஸ்டிக் குழாய் இருந்த இடத்தில் நல்ல ரப்பர் குழாய் போட்டாயிற்று. முன்னால் காலியான இடத்தில், சிக்கிய வண்டியை இழுக்கிற வின்ச்சைச் சேசிஸோடு ஒட்டி ஒரு சாண் உள்ளே தள்ள முடியும் போலிருக்கிறது. அடுத்த வாரம் மாமாவோடு அளவு எடுக்கப் போகிறேன்.