அமிகேயோ: ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்

எஸ்பெரான்டோ என்பது உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட செயற்கை மொழி. அதைப் படிப்பதில் இப்போது பின்னொட்டுகளோடு மல்லுக்கட்டு. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது எனக்குச் சரிப்படாது. அதனால் 'அமிகேயோ' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு பிரித்து மேய்ந்தேன்.

'அமிக்' லத்தீன் வழி வந்த வேர், நண்பர். 'ஏய்' இடத்தைக் காட்டும் ஒட்டு. கடைசி 'ஓ' பெயர்ச்சொல்லின் முத்திரை. சமைக்கிற இடம் குயிரேயோ, படிக்கிற இடம் லெர்னேயோ என்றால், நண்பர்கள் இருக்கிற இடம் அமிகேயோ. இதையே ஒரு நாட்டுக்குப் பெயராக வைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை இழுத்தது.

1816-இல் ஒரு துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்பதில் பிரஷ்யாவுக்கும் நெதர்லாந்துக்கும் ஒத்துப்போகவில்லை. சுரங்கத்தைச் சுற்றிய சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டரை இருவருக்கும் பொதுவாக விட்டுவிட்டார்கள். அதுதான் நடுநிலை மோரெஸ்நெட். 1885-இல் தாது தீர்ந்தது. அப்புறம் அந்த ஊருக்கு என்ன வேலை? சுரங்க மருத்துவர் வில்ஹெல்ம் மோலி சும்மா இருக்கவில்லை. முதலில் சொந்தத் தபால்தலை அச்சடித்துப் பார்த்தார், தடுத்துவிட்டார்கள். 1908-இல் அதை எஸ்பெரான்டோ பேசும் நாடாக்கக் கிளம்பினார். பெயர் அமிகேயோ. நாட்டுப்பண்ணும் தயாரானது, மெட்டு மட்டும் ஜெர்மானியரின் கிறிஸ்துமஸ் மரப் பாட்டிலிருந்து இரவல்! முதல் உலகப் போர் வந்தது, வெர்சாய் ஒப்பந்தம் அந்த நிலத்தை பெல்ஜியத்துக்குக் கொடுத்தது, கதை முடிந்தது.

நாட்டைக் குறிக்க எஸ்பெரான்டோவில் 'ஊய்' என்று தனி ஒட்டே உண்டு: பிரான்ஸ் 'ஃபிரான்ட்சூயோ'. பணப்பையும் அதே ஒட்டில்தான், 'மோனூயோ'. எல்லைக்கோடு இல்லாத தங்கள் உலகத்தை எஸ்பெரான்டோக்காரர்கள் 'எஸ்பெரான்டூயோ' என்பார்கள். மோலியின் நாட்டுக்கு அந்த 'ஊய்' சேரவில்லை. சமையலறைக்கும் பள்ளிக்கும் போடுகிற ஒட்டையே நாட்டுக்கும் போட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இதே சொல்லை வைத்து வேற்றுமையும் பழகினேன். 'என் அமிகேயோ' என்றால் அமிகேயோவில் (இந்த 'என்' நம் தமிழ் 'என்' அல்ல, பெயருக்கு முன்னால் வரும் எஸ்பெரான்டோ முன்னிடைச்சொல்). 'என் அமிகேயோன்' என்றால் அமிகேயோவுக்குள். கடைசி 'ன்' போக்கைக் காட்டுகிறது. முன்னிடைச்சொல் ஒன்றேதான், முடிவு மட்டும் மாறுகிறது. உருபு சேர்த்தே பேசிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

அடுத்தது பன்மை. அதற்கும் ஒரு கனவு நாடு கிடைத்துவிட்டது: 1968-இல் இத்தாலியின் ரிமினிக்கு அப்பால், கடலில் மேடை கட்டி, ஜார்ஜோ ரோசா என்ற பொறியாளர் அறிவித்த 'இன்சூலோ தே லா ரோசோய்', ரோஜாக்களின் தீவு. ரோசோ ஒன்று, ரோசோய் பல.