ஒரு பந்து, ஒரு தணிக்கைத் தடை

பந்து என் நெஞ்சில்தான் பட்டது. அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. படுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதில்தான் தகராறு.

தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாளன்று, வான்கோழி ஓவனில் வெந்துகொண்டிருக்கும் நேரத்தில், அமெரிக்காவில் பல பேர் பூங்காவுக்குப் போய் ஃபுட்பால் ஆடுவார்கள், நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். மதியம் சாப்பிடப்போகும் சாப்பாட்டுக்குக் காலையிலேயே செய்துவிடும் பரிகாரம். எங்கள் அலுவலகத்திலும் அந்த வழக்கம் உண்டு. சியாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா, விடாத நவம்பர் மழை, ஆளுக்கொரு இடுப்புப் பட்டை, அதில் தொங்கும் இரண்டு துணி நாடாக்கள். பந்தோடு ஓடுகிறவனின் நாடாவை உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். இடித்துத் தள்ளுவது கிடையாது என்று சத்தியம் செய்த பிறகுதான் எனக்கு வீட்டில் அனுமதி கிடைத்தது.

உயரமாக இருக்கிறேன் என்ற ஒரே தகுதியில் என்னை ரிசீவர், அதாவது வீசும் பந்தைப் பிடிக்கிறவன், ஆக்கினார்கள். கல்லூரியில் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். பந்து அதிகம் வராத இடமாகப் பார்த்துத்தான் அப்போதும் நிறுத்துவார்கள். பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக் எங்கள் டீம் லீட். உயர்நிலைப் பள்ளியில் ஆடியவராம். உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்: ஐந்து யார்டு நேராக ஓடு, சட்டென்று உள்பக்கம் வெட்டு, திரும்பினால் பந்து அங்கே இருக்கும். ஐந்து யார்டு என்பது பதினைந்து அடி. என் காலுக்கு ஏழு எட்டு ஆகும் என்று மனக்கணக்குப் போட்டு ஓடினேன். ஏழாவது எட்டில் திரும்பினேன். பந்து ஆறாவதிலேயே வந்துவிட்டது.

அந்தப் பந்தும் நம் ஊர்ப் பந்து மாதிரி கிடையாது. இரண்டு பக்கமும் கூராக, மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். பன்றித்தோல் என்பது அதன் செல்லப்பெயர், செய்வது என்னவோ மாட்டுத்தோலில். மழையில் நனைந்துவிட்டால் எந்தத் தோலாக இருந்தாலும் விரால் மீன்தான். என் நெஞ்சில் பட்டு, மேலே எகிறி, எதிரணியில் நின்ற சம்பளப் பிரிவு அம்மையாரின் கையில் போய் உட்கார்ந்தது. அவர் அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருக்கிறார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். பிடித்தவர் திரும்பிப் பார்க்காமல் எங்கள் எல்லைவரை ஓடி ஆறு புள்ளிகள் எடுத்துவிட்டார். வீசிய பந்தை எதிரணி பிடித்தால் இன்டர்செப்ஷன், அப்படியே ஓடி ஆறு புள்ளியும் எடுத்தால் பிக் சிக்ஸ் என்பார்கள். மாசக் கடைசியில் சம்பளச் சீட்டு அனுப்புகிறவரிடம் கோபப்படவும் முடியாது.

உடனே மைதானத்தில் பஞ்சாயத்து. நான் திரும்ப லேட் என்றார் டீம் லீட். பந்து சீக்கிரம் வந்தது என்றேன் நான். ஏன் சீக்கிரம் வீசினீர்கள் என்று கேட்டால், எதிராளி ஓடி வந்துவிட்டான், தடுக்க வேண்டியவன் தடுக்கவில்லை என்றார். தடுக்க வேண்டியவன் எங்கள் டெஸ்டிங் பையன். அவன் சொன்னதுதான் விஷயத்தின் ஆணிவேர். இந்த மாதிரிப் பூங்கா ஆட்டத்தில் பந்தை எடுத்ததும் குவார்ட்டர்பேக் மேல் பாயக் கூடாது. "ஒன் மிசிசிப்பி, டூ மிசிசிப்பி" என்று ஐந்து வரை சத்தமாக எண்ணிவிட்டுத்தான் பாயலாம். மிசிசிப்பி என்று சொல்லி முடிக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும் என்பது கணக்கு. எதிராளியோ மூன்றாவதிலிருந்து மிசிசிப்பியை மிசிப்பியாகவும், ஐந்தாவதில் வெறும் மிப்பியாகவும் சுருக்கிவிட்டானாம். பையன் அதைக் கவனித்து அதிர்ந்து நின்றதில் தடுக்க மறந்துவிட்டான்.

இவ்வளவையும் மைதான ஓரத்தில், மடக்கு நாற்காலியில், குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் குடையும் ஃபிளாஸ்க்குமாக ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமனார். கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருப்பவர். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர். எத்தனையோ சங்கங்களின் கணக்கைப் புரட்டி எடுத்த கை, இங்கே வந்து மூன்று மாதமாகப் பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பார்த்தேன்.

காரில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காபியைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, இந்த இழப்பை அவங்க கணக்குப் புஸ்தகத்துல யார் பேர்ல எழுதுவாங்க?"

"வீசினவர் பேர்ல மாமா."

"பந்து உங்க நெஞ்சுல பட்டுதே?"

"பட்டாலும் அப்படித்தான். கைக்குள்ள வந்து நழுவினாலும் குவார்ட்டர்பேக் பேர்லதான் இன்டர்செப்ஷன் ஏறும்."

உண்மைதான். பேஸ்பாலில் கையில் வந்ததைக் கோட்டைவிட்டால் 'பிழை' என்று தனியாகக் குறிப்பார்கள். ஃபுட்பாலில் அந்தக் கருணை குவார்ட்டர்பேக்குக்குக் கிடையாது. ரிசீவர் வழிமாறி ஓடினாலும், காவலுக்கு நின்றவன் தூங்கினாலும், பந்து மூன்று பேர் தலையில் பட்டுத் தெறித்தாலும், ஏட்டில் ஒரே பெயர்தான்.

மாமனாருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "ரொக்கம் கடைசியா யார் கையில இருந்துச்சோ அவன் தலையில கட்டறதா? காசாளரை சஸ்பெண்ட் பண்ணிட்டு செயலாளரும் தலைவரும் தப்பிச்சுப்பாங்க. இதைத்தானே நான் சர்வீஸ் பூரா பார்த்தேன்!"

அப்படி ஏட்டில் ஏறிய பெரிய கணக்குகளைச் சொன்னேன். பிரெட் ஃபாவ்ர் என்ற ஜாம்பவான் 336 முறை எதிரணிக்குப் பந்தைத் தாரை வார்த்திருக்கிறார், வாழ்நாள் சாதனை. 1962இல் ஜார்ஜ் பிளாண்டா ஒரே சீசனில் 42. இரண்டு பேரும் ஃபுட்பாலின் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். அப்புறம் ஜேமிஸ் வின்ஸ்டன். 2019 சீசனில் எல்லைக்குள் சேர்ந்து புள்ளி தந்த டச்டவுன் வீச்சு 33, இன்டர்செப்ஷன் 30. சீசன் முடிந்ததும் கண்ணுக்கு லேசிக் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

"அடப்பாவமே," என்றார் மாமனார். "முதல்லயே பண்ணியிருக்கலாமே." போன வருடம் கண்புரை எடுத்துக்கொண்டவர். வின்ஸ்டன் கணக்கை அந்த இடத்திலேயே தள்ளுபடி செய்துவிட்டார்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "போன வாரம் சாம்பார்ல உப்பு கூடினப்ப நேரா என் பேர்லதானே எழுதினீங்க? அப்ப இந்த விசாரணைக் கமிஷன் எங்கப்பா போச்சு?"

மாமனார் காபியைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நல்ல வேளையாக அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர், பூசணிக்காய் 'பை' என்ற இனிப்புப் பண்டத்தோடு. பல வருடமாக சியாட்டில் ஃபுட்பால் அணியான சீஹாக்ஸின் பக்தர், கொடியெல்லாம் வாசலில் பறக்கும். உட்காரச் சொல்லிவிட்டு நான் செய்த தப்பு, இன்று காலை நடந்ததைச் சொன்னது. இன்டர்செப்ஷன் என்ற சொல்லை சியாட்டில்காரரிடம் பண்டிகை நாளில் உச்சரிக்கக் கூடாது. அவருக்கு அது ஒரே ஒரு நாளைத்தான் குறிக்கும்: 2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளென்டேல், சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டி.

முந்தைய வருடம்தான் 43-8 என்று டென்வரைத் துவைத்துக் கோப்பை வாங்கியிருந்தார்கள். இந்த முறை எதிரணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது சீஹாக்ஸ் பத்துப் புள்ளி முன்னிலை, அப்புறம் நான்கு புள்ளி பின்னால், 28-24. கடைசி நிமிடத்தில் எதிரி எல்லைக்கு ஒரே ஒரு யார்டு தூரத்தில் பந்து. மூன்றடி! கடிகாரத்தில் 26 நொடி. பக்கத்திலேயே மார்ஷான் லிஞ்ச் நிற்கிறார். 'பீஸ்ட் மோட்' என்று பட்டப்பெயர், அன்றைக்கு 102 யார்டு ஓடியிருந்தவர், ஆளை இடித்தால் ஆள் காணாமல் போவார். அவர் கையில் பந்தைத் திணித்தால் போதும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்க, குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் ரிசீவர் ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு வீசினார். மால்கம் பட்லர் என்ற புதுப் பையன் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டான். கதை முடிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்லி முடித்தபோது 'பை'யைக் கத்தியால் துண்டு போடாமல் குத்திக்கொண்டிருந்தார்.

மாமனார் உள்ளே போய்ப் பழைய டைரி ஒன்றோடு வந்தார். விசாரணை முறையாகத் தொடங்கியது. இவர் தமிழில் கேட்க, நான் மொழிபெயர்க்க, அவர் பதில் சொல்ல. வீசச் சொன்னது யார்? தாக்குதல் பயிற்சியாளர் டாரெல் பெவெல். அவருக்கு மேலே? தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல். பெவெல் என்ன விளக்கம் கொடுத்தார்? லாக்கெட் பந்துக்கு இன்னும் வலுவாகப் போராடியிருக்கலாம் என்றார். மாமனார் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "உத்தரவு போட்டவன் கீழே இருக்கிறவனைக் கைகாட்டறான். கரெக்டா இருக்கு, மேலே சொல்லுங்க."

மேலே கேரல். பழி முழுவதும் என்னுடையது என்று அவர் ஏற்றுக்கொண்டார் என்றதும் மாமனார் நம்பவில்லை. இரண்டு தடவை மொழிபெயர்க்கச் சொன்னார். "தலைவரே ஒத்துக்கிட்டாரா? எழுத்து மூலமா?" பத்திரிகையாளர்கள் முன்னால் என்றேன். அவருடைய மொத்த சர்வீஸிலும் அப்படி ஒன்று நடந்ததில்லையாம். டைரியில் கேரல் பெயருக்கு அடியில் கோடு போட்டார். மரியாதைக்காகவா, தண்டனைக்காகவா, தெரியாது.

இதற்கு நடுவில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. கேரல் தரப்பிலும் கணக்கு உண்டு. கையில் இருந்தது, கடிகாரத்தை நிறுத்த உதவும் ஒரே ஒரு டைம் அவுட். ஓடி விழுந்தால் கடிகாரம் நிற்காது, வீசித் தவறினால் நிற்கும். ஆக நடுவில் ஒரு வீச்சு போட்டால்தான் இன்னும் இரண்டு முறை லிஞ்சை ஓடவிட நேரம் இருக்கும். அந்த சீசனில் ஒரு யார்டு கோட்டிலிருந்து வீசி எதிரியிடம் போனது அந்த ஒரே பந்துதான். மோசமான யோசனை இல்லை, முடிவுதான் மோசம் என்று நான் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் வேலி உறவே ஆட்டம் கண்டது. நீ காலையில் நெஞ்சில் வாங்கிய ஆள்தானே என்றார்.

மாமனார் வேறு ஒன்றில் இருந்தார். "அந்தப் பட்லர் எப்படி அங்கே வந்தான்?" அதுவும் கதைதான். தேர்வு நாளில் எந்த அணியும் எடுக்காத பையன். முன்பு பொரித்த கோழி விற்கும் கடையில் வேலை பார்த்தவன். பயிற்சியில் இதே ஆட்டத்தை ஆடவிட்டபோது ஏமாந்து வாங்கிக்கட்டிக்கொண்டவன். மைதானத்தில் ரிசீவர்கள் நின்ற வரிசையைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. முன்னால் நின்ற சக வீரர் பிரவுனர், சீஹாக்ஸ் ரிசீவர் கேர்ஸை நகரவிடாமல் பிடித்துக்கொள்ள, பட்லருக்குப் பாதை திறந்தது. அந்தப் பிரவுனர் முந்தைய வருடம்வரை சீஹாக்ஸில் இருந்தவர் வேறு.

"சரிதான், அப்ப சொந்தக்காரன்தான் காட்டிக் கொடுத்திருக்கான்," என்று எழுதிக்கொண்டார் மாமனார்.

'பை' தீரும்வரை பேசினார்கள். கடைசியில் சியாட்டில் வழக்கில் ஆறு பேர் மீதும், எங்கள் பூங்கா வழக்கில் மூன்று பேர் மீதும் தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபம், எழுதினார். எங்கள் வழக்கில் முதல் குற்றவாளி மிசிசிப்பியைச் சுருக்கியவன். அளவுகோலைத் திருத்துவதை மாமனாரால் மன்னிக்க முடியாது. என் பெயருக்கு எதிரே, 'மாப்பிள்ளை, திரும்பியதில் சிறிது தாமதம், எச்சரித்து விடலாம்' என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து டீம் லீடுக்கு அனுப்பினேன். தமிழ் தெரியாதவர், கட்டைவிரல் போட்டார்.

லீவு முடிந்து திங்கட்கிழமை அலுவலகம் போனபோது காபி மெஷின் பக்கத்தில் சம்பளப் பிரிவு அம்மையார் நின்றிருந்தார். நல்ல பிடி என்று பாராட்டிவிட்டு, பந்து அங்கேதான் வரும் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். பந்தை அவர் பார்க்கவே இல்லையாம், என்னைத்தான் பார்த்தாராம். நான் திரும்பிய உடனே இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேனாம். இனி இது எங்காவது தெறிக்கத்தான் போகிறது என்று இரண்டடி முன்னால் வந்து நின்றாராம்.

மாமனாருக்குப் பிப்ரவரியில் டிக்கெட். அதுவரை இந்த அம்மையாரை வீட்டுக்கு அழைப்பதாக இல்லை.